ஒரே வீட்டுக்குள் ஒரு மணியார்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருக்கும் மூன்று பையன்களில் ஒருவன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். ஏதோ சொல்ல வந்து தயங்குகிறான் என்று தெரிந்தது. தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சார், அட்வான்ஸ் கொடுத்ததுக்கு ஒரு சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். எங்கப்பா கேட்டாரு."

27,000 ரூபாய். ஜூலையில் மூன்று பேரும் சேர்ந்து ரொக்கமாகக் கொடுத்தது. மாத வாடகை 9,000 ஜிபேயில் வந்துவிடுகிறது, அதற்குத் தடயம் இருக்கிறது. அட்வான்ஸுக்கு ஒன்றுமில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை, அவர்களும் அப்போது கேட்கவில்லை. பசங்கதானே என்று விட்டுவிட்டேன்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்ப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். பையன் முகம் சுண்டிப்போய், "அய்யோ அதெல்லாம் இல்ல சார்" என்று மாடியேறிப் போய்விட்டான்.

பேப்பரை மறுபடி எடுத்தேன். படிக்க ஓடவில்லை. அந்தக் கேள்வியை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1982-இல், இதே ரெட்டியார்பாளையத்தில், இப்போது நான் இருக்கும் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, என்னைப் பார்த்து ஒருவர் கேட்டது அது.

நான் பி.காம். படித்தது லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரியில். முதல் வருடம் விழுப்புரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். காலை முதல் வகுப்பில் பாதி நாள் இருக்க மாட்டேன். இரண்டாம் வருடம் ஆரம்பித்ததும் அறை எடுத்துத் தங்கிவிடலாம் என்று முடிவு. செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒருவன், கடலூர்க்காரன் ஒருவன், நான். செஞ்சிக்காரன் என் வகுப்பு, கடலூர்க்காரன் பாலிடெக்னிக். லாஸ்பேட்டைப் பக்கம் வாடகை கட்டுப்படியாகவில்லை. ரெட்டியார்பாளையத்தில் மலிவு என்றார்கள். அப்போது விழுப்புரம் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் வீடுகளுக்கு நடுவே காலிமனை, முள்வேலி, அதில் மேயும் ஆடு. இன்றைக்கு அந்த இடங்களில் நான்கு மாடி நிற்கிறது.

வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். முன்னால் திண்ணை வைத்த ஓட்டு வீடு, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. கிணற்றை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு தனி அறை. அதுதான் எங்களுக்கு. வாடகை 120, அட்வான்ஸ் 600. ஆளுக்கு 200.

அந்த 200-க்கு எங்கள் வீட்டில் வழியில்லை. அம்மா காதிலிருந்த தோட்டைக் கழற்றி விழுப்புரத்தில் அடகு வைத்துத்தான் கொடுத்தார். "அட்வான்ஸ்தானேடா, படிப்பு முடிஞ்சா அப்படியே திரும்பி வந்துடும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

பணத்தை எண்ணி வாங்கிய பிறகு செஞ்சிக்காரன்தான் கேட்டான், "ஐயா, ஒரு ரசீது..." என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி எங்கள் மூவரையும் பார்த்தார். "என்னா தம்பி, எம் மேல நம்பிக்கை இல்லையா? நான் பிரெஞ்சு சர்க்கார்ல வேலை பார்த்தவன். வாய்ச்சொல்லுதான் நமக்கு எல்லாம்" என்றார். நாங்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டோம்.

இதில் வேடிக்கை, அவரைப் போலக் காகிதத்தைக் காப்பாற்றிய மனிதரை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி. பென்ஷன் தாள்கள், நொத்தேர் எழுதிய வீட்டுப் பத்திரம், கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாம் பிரெஞ்சில், துணியில் சுற்றி இருக்கும். அந்தப் பென்ஷன் நிற்காமல் வர வேண்டுமென்றால் தான் உயிரோடு இருப்பதாக அவ்வப்போது ஒரு சான்று அனுப்ப வேண்டும். 'உயிரோடிருக்கிறேன்' என்பதற்கே காகிதம் கேட்கும் சர்க்காரிடம் பழகியவர், எங்களிடம் 600 ரூபாய் வாங்கியதற்கு ஒரு துண்டுச்சீட்டு தரவில்லை. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தார் என்று பிற்பாடு புரிந்தது.

முதல் ஒன்றரை வருடம் பெரிய சண்டை என்று இல்லை. சின்னச் சின்னக் கெடுபிடிகள். ஆளுக்கு இரண்டு பக்கெட் தண்ணீர்தான். நாங்களே இறைத்தாலும் இரண்டுதான். 40 வாட் பல்புக்கு மேல் போடக்கூடாது. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். எங்கள் அறைக்குப் போகும் ஃபியூஸ் கட்டை அவர் வீட்டுக்குள் இருந்தது. பத்தரை ஆனால் உருவிவிடுவார். இருட்டில் நாங்கள் முணுமுணுப்பது அவருக்குக் கேட்கும், அவர் தொண்டையைக் கனைப்பது எங்களுக்குக் கேட்கும்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை, சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் என்று சொல்லிவிட்டுக் கடலூர்க்காரனின் மாமா பையனை இரண்டு மாதம் நான்காவது ஆளாக ஒளித்து வைத்திருந்தோம். செருப்பை அறைக்குள் எடுத்து வைத்துக்கொள்வான். சாவியைத் தொலைத்துவிட்டு ஒரு நாள் தாழ்ப்பாளைப் பெயர்த்ததும் நாங்கள்தான்.

1984 பொங்கல் கழிந்து ஊரிலிருந்து திரும்பினோம். சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னார், மாதக் கடைசியில் காலி பண்ணிவிட வேண்டும் என்று. பிரான்ஸிலிருந்து மகள் குடும்பத்தோடு வருகிறாளாம். எங்களுக்கு ஏப்ரலில் கடைசி வருடப் பரீட்சை. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் வந்தது 1985-இல்தான். நாங்கள் எழுதியது சென்னைப் பல்கலைக்கழகப் பரீட்சை. அதில் ஒரு பேப்பர் போனாலும் வேலைக்கு மனுப்போட முடியாது. "பரீட்சை முடிஞ்ச மறுநாளே போயிடறோம் ஐயா" என்று கெஞ்சினோம். அவர் பதிலே சொல்லவில்லை.

பிப்ரவரி 5-ஆம் தேதி ஜனவரி வாடகையை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை. "காலி பண்ண சொன்னவன் வாடகை வாங்குவானா?" என்றார். அன்றிரவு ஏழு மணிக்கே விளக்கு போய்விட்டது. மறுநாளும், அதற்கு மறுநாளும். அரிக்கேன் விளக்கு ஒன்று வாங்கினோம். மூன்று பேரும் அதைச் சுற்றிக் குப்புறப் படுத்துப் படிப்போம். ஆஸ்பெஸ்டாஸ் சூடும் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து தலையை வலிக்கும். இன்றைக்கும் காஸ்ட் அக்கவுண்டிங் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அந்த வாடைதான் வரும்.

நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் காரைக்கால் அண்ணன் ஒருவர் இருந்தார். சட்டக் கல்லூரி மாணவர், எங்களைவிட நான்கு வயது மூத்தவர். கதையைக் கேட்டுவிட்டு மோரைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். "வாடகையைக் கையில கொடுத்துட்டு இருந்தீங்களா? ரசீது?" இல்லை. "நோட்டுல கையெழுத்து?" இல்லை. "அப்ப நீங்க அந்த வீட்டுல இருக்கறதுக்கே சாட்சி இல்லை. நாளைக்கு அவரு, பாவம்னு சும்மா தங்க வெச்சேன்னு சொல்லலாம். இல்ல, ஒரு வருஷமா வாடகையே தரலைன்னும் சொல்லலாம். ரெண்டுத்துல எது சொன்னாலும் உங்க பதில் என்ன?"

எங்களிடம் பதில் இல்லை. எழுதாத வாடகை செல்லாது என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை என்றார் அவர். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, வருஷக் கணக்கில் இல்லாத வாடகை வாய்ப்பேச்சாகவே இருக்கலாம், இடத்தை ஒப்படைத்திருந்தால் போதும். மாத வாடகைக்காரரை வெளியேற்ற வேண்டுமானால் பதினைந்து நாள் நோட்டீஸ், அதுவும் எழுத்தில். பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகு 1968-இல் கொண்டுவந்த சட்ட நீட்டிப்பில் இது புதுச்சேரிக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் 1969-இல் புதுச்சேரிக்கென்றே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று. சொந்த உபயோகத்துக்கு வேண்டுமென்றாலும் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப்போட்டு உத்தரவு வாங்க வேண்டும், ஃபியூஸ் கட்டையை உருவக் கூடாது.

"உரிமை இருக்குது தம்பி. உரிமை இருக்குதுன்னு காட்டறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை. அதை இப்ப உண்டாக்கணும். மணியார்டர் பண்ணுங்க."

நாங்கள் சிரித்துவிட்டோம். முன்கட்டில் இருப்பவருக்குப் பின்கட்டிலிருந்து மணியார்டரா? அவர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டால் அவர் கையெழுத்தோடு ஒப்புகைத் துண்டு நமக்கு வரும். வாங்கவில்லையென்றால் 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்புவார். எது வந்தாலும் நமக்கு லாபம். அடியில் செய்தி எழுத இருக்கும் இடத்தில், எந்த மாதத்து வாடகை, எந்த வீட்டுக்கு என்று தெளிவாக எழுதச் சொன்னார்.

தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தை இரண்டு தடவை பார்த்தார். அனுப்புநர் விலாசமும் பெறுநர் விலாசமும் ஒன்று. "தப்பா எழுதிட்டியா தம்பி?" என்றார். "இல்ல சார், சரிதான்" என்றேன். காது சூடேறியது.

மூன்றாம் நாள் தபால்காரர் வந்தார். நாங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். திண்ணையில் சத்தம். "எங்க வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கே மணியார்டரா? எவன் சொல்லிக் குடுத்தது?" தபால்காரர் நிதானமாக, "அதெல்லாம் எனக்கு எதுக்கு முசே? வாங்கறீங்களா, மாட்டேன்னு எழுதட்டா?" என்றார். மாட்டேன் என்றே எழுதிக்கொண்டு போனார். பணம் எங்களிடம் திரும்பியது. அந்த ஃபாரத்தைக் காரைக்கால் அண்ணனிடம் காட்டினோம். பரீட்சையில் பாஸானவர் போலச் சந்தோஷப்பட்டார்.

மார்ச் முதல் வாரம் வீட்டுக்காரர் திண்ணையில் நின்றுகொண்டு தெருவே கேட்கச் சொன்னார்: "ரெண்டு மாசமா வாடகை தரல. படிக்கிற பசங்கன்னு பாவம் பார்த்து வெச்சதுக்கு இது." எதிர் வீட்டுப் பாட்டி எங்களை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. கடலூர்க்காரன் கை ஓங்கிக்கொண்டு கிளம்பினான். அவனை இழுத்துப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மறுநாள் ஜனவரி, பிப்ரவரி இரண்டுக்கும் சேர்த்து 240 ரூபாய்க்கு இன்னொரு மணியார்டர் போட்டோம்.

இந்தத் தடவை அவர் திண்ணையில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. எங்களிடம் ஒருநாளும் அதிகம் பேசாதவர். "வாங்கிக்கினு விடுங்களேன். போன தடவையே அவுங்க ஆபீஸ்ல எழுதி வெச்சிருப்பாங்க." பிறகு சத்தமில்லை. நான்கு நாள் கழித்து ஒப்புகைத் துண்டு வந்தது. கொக்கி கொக்கியாக, கீழே நீளமாக ஒரு கோடு இழுத்த பிரெஞ்சுக் கையெழுத்து. இருபது மாதம் ஒரு சீட்டு தராத கை. அன்றிரவு யாரும் எதுவும் சொல்லாமலே எங்கள் அறையில் விளக்கு எரிந்தது.

பரீட்சை எழுதினோம். மூவரும் தேறினோம்.

ஆனால் அட்வான்ஸுக்கு மணியார்டர் கிடையாதே. 1982-இல் கொடுத்ததற்கு 1984-இல் சாட்சி உண்டாக்க முடியாது. ஏப்ரல் 30-ஆம் தேதி பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் ஒரு தாளில் கணக்கு எழுதி வைத்திருந்தார். வெள்ளையடிக்க 90. தாழ்ப்பாளுக்கு 25. கூடுதல் கரண்டுக்கு 60. கிணற்றுக் கயிறு 15. முன்கூட்டிச் சொல்லாமல் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை 120. கடைசி வரியைப் படித்ததும் செஞ்சிக்காரனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. 310 போக 290-ஐக் கையில் வைத்தார். "600 கொடுத்தோமே ஐயா" என்றதற்கு, "எதுல எழுதியிருக்குது?" என்றார். அதையும் முறைத்துக்கொண்டு சொல்லவில்லை, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

தாழ்ப்பாள் 25 நியாயம். மற்றதற்கு இன்றைக்கும் என் மனசு ஒப்பவில்லை. ஆளுக்கு 96 எடுத்துக்கொண்டு மிச்சம் இரண்டு ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு அவரவர் பஸ் ஏறினோம்.

அம்மாவிடம் 96 ரூபாயைக் கொடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அசலுக்கே பாதிதான், வட்டி வேறு ஏறியிருந்தது. மறு வருடம் தோடு முழுகிப்போனது. காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டிருந்தார். 1987-இல் எனக்கு வேலை கிடைத்து மூன்றாம் மாதச் சம்பளத்தில் வாங்கிக் கொடுக்கும்வரை குச்சிதான்.

வேலை எங்கே கிடைத்தது என்றால், தமிழ்நாடு பதிவுத் துறையில்! பத்திரம் பத்திரமாகப் பார்த்தே 36 வருடம் போயிற்று. பதினொரு மாத ஒப்பந்தம் ஏன் என்று கேட்பவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்: ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம், அதைத் தாண்டாமலிருக்கத்தான் பதினொன்று. அங்கே வேலை பார்க்கும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. தமிழ்நாட்டின் 1960-ஆம் வருடத்து வாடகைச் சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே அனுமதி இல்லை. ஊரில் யாரும் மதிக்கவில்லை. ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்கினார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்றும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. படிக்கும்போது ஃபியூஸ் கட்டை ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய சட்டத்தின் கீழ் உள்ளே வந்த வாடகைக்காரர், அப்பன் காலத்து வாடகையில் மகன் காலத்திலும் இருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். சீட்டு எழுதிக் கொடுத்தால் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம் அந்தத் தலைமுறை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இருந்தது. எங்களவருக்கும் அதுதான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்கு என் அம்மா காது என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். மத்தியானம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். "முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் பத்திரம் பதிஞ்சீங்க. உங்க வீட்டுக்கு ஒரு சீட்டு எழுத வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றினாள்.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். 27,000 ரூபாய் அட்வான்ஸ் பெற்றுக்கொண்ட விவரம், வாடகைத் தேதி, மின்மீட்டர் அளவு, காலி செய்ய இரு தரப்பும் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எதெதற்குப் பிடிப்பேன். வெள்ளையடிக்கும் கூலி பிடிக்கமாட்டேன் என்று தனி வரி. இரண்டு பிரதி. மூன்று பையன்களையும் கீழே கூப்பிட்டு, காலையில் அப்படிக் கேட்டது தப்பு என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

சீட்டு கேட்டவன் கையெழுத்துப் போடாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரை விரலை வைத்துப் படித்தான். தாகூர் கல்லூரியில் பி.காம். படிக்கிறவன் அவன்தான். ஆறாவது வரியில் விரல் நின்றது.

"சார், மூணு பேருக்கு மேல தங்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. ஊர்ல இருந்து யாராவது வந்து ரெண்டு நாள் இருந்தா?"

"ரெண்டு நாள்னா பரவாயில்லப்பா."

மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பேனாவை நீட்டினேன். அவர்களுக்குப் பின்னால் மாடிப்படியின் முதல் படியில் நான்கு ஜோடிச் செருப்பு கிடந்தது. போன வாரத்திலிருந்தே கிடக்கிறது.